பொம்மக்கா செய்துவைத்த சமாதானம்

ஒரு காட்டில் சிங்கராஜா போருக்குப் போய், கஜானாவைக் காலிபண்ணிவிட்டுத் திரும்பினார். வந்த கையோடு தேன்வரி போட்டார். அதை வசூலிக்கும் உரிமையைக் காலையில் சிறுத்தைச் சிற்றரசர் பாய்ச்சலரையருக்குக் கொடுத்தார். மத்தியானம் தூங்கி எழுந்ததில் அது மறந்துபோய், ஓநாய்ச் சிற்றரசர் ஊளைராயருக்கும் கொடுத்துவிட்டார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொம்மக்கா கரடியின் குகை வாசலில் வந்து நின்றார்கள். குட்டிகளை வைத்துக்கொண்டு மழைக்காலத்தை ஓட்ட அவளிடம் இருந்ததே கொஞ்சம் தேன்தான்.

"எடும்மா தேனை!" என்றார் பாய்ச்சலரையர்.

"அவனுக்குக் கொடுத்தே, தோலை உரிச்சிருவேன்!" என்றார் ஊளைராயர்.

பொம்மக்கா பணிவாகச் சொன்னாள்: "மகாராஜா யாரை அனுப்பினாருன்னு எனக்கென்ன தெரியும் சாமி? உங்களுக்குள்ள முடிவு பண்ணிட்டு ஒருத்தரா வாங்க."

அவர்கள் அங்கேயே பாய்ந்து கடித்து முடிவு பண்ண ஆரம்பித்தார்கள். மழை வந்து, நின்று, மரமெல்லாம் பூத்த பிறகும் முடிவு பண்ணிக்கொண்டே இருந்தார்கள். அதுவரை காட்டில் ஒருவரும் வரி கட்டவில்லை. பொம்மக்காவின் குட்டிகள் கொழுகொழுவென்று ஆகிவிட்டன.

ஒருநாள் பாய்ச்சலரையர் அரைக் காதோடு வந்து அவள் வாசலில் விழுந்தார். "வலிக்குதும்மா" என்று அழுதார். பொம்மக்காவுக்கு மனசு கேட்கவில்லை. காயத்தில் தேனைத் தடவினாள். அதோடு விட்டாளா? எங்கோ நொண்டிக்கொண்டிருந்த ஊளைராயரையும் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தாள்.

"ஒரே காட்டுல இருந்துக்கிட்டு எதுக்கு சாமி இந்தச் சண்டை?"

இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். சிறுத்தை மகளை ஓநாய் மகனுக்குக் கட்டுவதென்று அங்கேயே பேசி முடித்தார்கள். பொம்மக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் தண்டோரா போட்டார்கள். பழைய தேன்வரி பாக்கி பாய்ச்சலரையருக்கு. புதிய தேன்வரி ஊளைராயருக்கு. கல்யாண வரி இருவருக்கும். சமாதானம் பிறந்த சந்தோஷத்தில் ராஜாவுக்கும் ஒன்று.

பொம்மக்கா டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். முன்னே நின்ற முள்ளம்பன்றி திரும்பி அவளை முறைத்தது. ஆனால் வரி வாங்கிக்கொண்டிருந்த நரிக் கணக்குப்பிள்ளை அவளைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான்.

"அம்மா, நீங்களா! ராஜா உங்களுக்கு 'சமாதான நாச்சியார்'னு பட்டம் கொடுத்திருக்காரு."

பொம்மக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்ப எனக்கு வரி கிடையாதா தம்பி?"

"பட்டத்துக்குத் தனி வரி இருக்கும்மா. அதுக்கு அடுத்த வரிசை."

நீதி: சிற்றரசர்கள் அடித்துக்கொள்ளும்போது விலக்கிவிடப் போகாதீர்கள். முடிந்தால் ஆளுக்கொரு கம்பு எடுத்துக்கொடுங்கள்.