உப்பளத் தெருவை மறைத்த ஆணை

ஒப்பனை நாட்டில் எதையும் மாற்றும் வழக்கம் இல்லை. எது எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டும் ஆண்டார்கள். அரண்மனையில் தோற்ற ஏடு என்று ஒரு பெரிய புத்தகம் இருந்தது. அதில் எழுதியபடியே நாடு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கூரை ஒழுகுகிறது என்று ஒருவர் மனு கொடுத்தால், ‘கூரை நீலமாகத் தெரிக’ என்று ஏட்டில் ஒரு வரி ஏறும். மனுதாரர் நீலக் கூரைக்கடியில் நனைவார். பஞ்சம் வந்த ஆண்டில், சோற்று உருண்டை இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிய ஆணை பிறந்தது. வயிறு மட்டும் ஏட்டைப் படிக்க மறுத்துவிட்டது.

ஆணைகள் மோதிக்கொண்டால் தீர்க்க விதிகள் இருந்தன. பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை வெல்லும். பொதுவாகச் சொன்னதைப் பெயர் குறித்துச் சொன்னது வெல்லும். ‘அதிமுக்கியம்’ என்ற சிவப்பு முத்திரை விழுந்துவிட்டால் அது இரண்டையும் வெல்லும். முத்திரையை அந்தக் காலத்து மன்னர் ஒருவர் ஆபத்துக் காலத்துக்கென உண்டாக்கினாராம். இப்போது பூசணிக்காய்ச் சந்தை மேற்பார்வையாளர்கூடத் தம் ஆணைக்கு அதைக் கேட்டு வாங்கினார். எல்லாமே அதிமுக்கியமானதில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. அரக்குத் தட்டுப்பாடு தெரியக் கூடாது என்று ஓர் ஆணை போட்டார்கள், அதுவும் முத்திரையுடன்.

ஏட்டை எழுதியவர் மணவாளன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே நாற்காலி. விதிகளை வகுத்தவர்களுக்கே மறந்துபோன மூலை முடுக்குகள் அவருக்கு அத்துப்படி.

கடல் கடந்த நாட்டு இளவரசர்கள் வரும் பாதையில் உப்பளத் தெரு இருந்தது. கூலிக்கு உப்பு வாரும் சனங்களின் குடிசைகள். தோற்றத் துறை அமைச்சர் அலங்காரப்பிரியர் முகத்தைச் சுளித்தார்.

“மணவாளரே, அத்தெருவை ஏட்டிலிருந்து நீக்கி எழுதும்.”

நீக்குவதன் பொருள் மணவாளனுக்குத் தெரியும். நீக்கினால் அந்த இடமே மூடிக்கொள்ளும். அதற்குள் இருப்பவரை எந்த ஆணையாலும் திரும்பக் காட்ட முடியாது. மறைத்தால் அப்படியில்லை. இடம் இருக்கும், ஆட்களும் இருப்பார்கள், கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், அவ்வளவுதான்.

“நீக்கலாம் பிரபு. ஆனால் அந்த இடம் மூடிக்கொண்டதும் பின்னால் இருப்பது சாலைக்கு நகர்ந்து வந்துவிடும். பின்னால் இருப்பது தங்கள் மைத்துனரின் சாராயக் கிடங்கு.”

அமைச்சர் சற்று யோசித்தார். “மறைத்தலே நாகரிகம்,” என்றார். “முத்திரையும் இடும்.”

உப்பளத் தெரு மறைந்தது. உப்பு அரசருடையது என்பதால் அது மட்டும் தெரிந்தது. இளவரசர்கள் வந்தபோது உப்பு தரையிலிருந்து தானாக எழுந்து, அந்தரத்தில் நடந்து, வரிசையாகக் குவிந்துகொண்டிருந்தது.

“உங்கள் நாட்டில் உப்பு நடக்கிறதே!” என்று வியந்தார்கள்.

“நிர்வாகத் திறமை,” என்றார் அமைச்சர்.

அந்தப் பாராட்டு அவர் தலைக்கேறியது. அமைச்சர் பதவிக்கான தேர்தல் வேறு நெருங்கியது. குறை சொன்ன நெசவாளர் வீதி மறைந்தது. மனு கொடுத்த துப்புரவாளர் குடியிருப்பு மறைந்தது. அரிசிக் கடையில் மறைந்த தெருக்காரர்கள் முப்பது பேர் வரிசையில் நின்று கத்த, கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்து, “இன்னிக்கு ஒருத்தரும் வரல,” என்று கதவைச் சாத்தினார். நாட்டில் குறையே கண்ணில் படவில்லை என்று அரசர் பூரித்துப்போனார்.

ஒரு நாள் மணவாளனின் மேசைக்கு எதிரில் ஒரு குரல் மட்டும் வந்து நின்றது.

“ஐயா, நான் உப்பளத் தெரு பூரணம். எனக்குப் புள்ள பொறந்து ஒம்பது நாளாச்சு.”

“உக்காரும்மா. புள்ள எங்க?”

“இந்தா, கையிலதான் இருக்கா. பாக்கத்தான் முடியல. பொறக்கும்போதே தெரியாமத்தான் பொறந்தா. மூக்கு எங்க அம்மா மூக்கு மாதிரி இருக்கு, தடவிப் பாத்துச் சொல்றேன். நான் தெரியாட்டிப் போறேன் ஐயா. இவ மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்.”

மணவாளன் எழுந்து அறைக் கதவைத் தாழிட்டார். அவருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு.

“முத்திர போட்ட ஆணையாச்சே, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க,” என்றது குரல்.

“அது அவங்களுக்கு ஏடு தெரியாததால சொல்றது. முத்திர விழுந்தது தெரு மேல. உங்க புள்ள மேல இல்ல. தெருவுக்கு வந்தது அவளுக்கு வழிவழியா ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். ஒட்டிக்கிட்டு வர்றதுக்குச் சொந்த பலம் கெடையாது. முத்திர தெருவோட நின்னுபோச்சு. அவ பேரச் சொல்லி முத்திர இல்லாம ஒரு வரி எழுதினாலே போதும். பேரு வச்சாச்சா?”

“கயல்விழி.”

‘உப்பளத் தெரு பூரணத்தின் மகள் கயல்விழி தெரிக’ என்று சாதாரண மையில் எழுதினார். மேசைக்கு எதிரே, அந்தரத்தில், ஒரு குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தது.  விம்மல் கேட்டது. “கருப்பா, லட்சணமா இருக்காய்யா,” என்றது குரல்.

மறுநாளிலிருந்து மணவாளனின் அறையில் குரல்களின் கூட்டம். எல்லோரும் தங்கள் பிள்ளைகளுக்காகத்தான் வந்தார்கள். அவர் சளைக்காமல் பெயர் பெயராக எழுதினார். பத்தே நாளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் தெருக்களில் மிதந்தார்கள். சிலர் கண்ணுக்குத் தெரியாத தோள்களில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். தேர்தல் ஊர்வலத்தில் அவர்களைக் கண்ட அமைச்சர் பல்லக்கிலிருந்து குதித்தார்.

“இவர்கள் அனைவரையும் உடனே மறைத்துவிடும்!”

“பெயர்களைச் சொன்னால் எழுதுகிறேன் பிரபு.”

“உப்பளத்துப் பிள்ளைகளின் பெயர் எமக்கெப்படித் தெரியும்? இந்நாட்டில் எதுவும் தெரியக் கூடாது என்று எழுதும்!”

“எதுவும் என்றே எழுதிவிடவா?”

“எதுவும் என்றே! அதிமுக்கியம்!”

மணவாளன் அப்படியே எழுதினார். அமைச்சரே முத்திரையைக் குத்தினார்.

அரண்மனை மறைந்தது. அரசர் மறைந்தார். ஏடும், மையும், அமைச்சரும், அமைச்சரின் கையிலிருந்த முத்திரையும் மறைந்தன. குழந்தைகளும்தான். உப்பளத்தில் பூரணத்தின் அழுகை கேட்டது.

மறைந்து பழகியவர்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. பெயர் சொல்லி அழைத்து, கையைத் தொட்டு, பிழைத்துக்கொண்டார்கள். அரண்மனைவாசிகள்தான் தூண்களில் முட்டிக்கொண்டார்கள். அரிசிக் கடை வரிசையில் ஒரு குரல் அதட்டியது. “விலகுங்கள், நான் அமைச்சர்!”

“அது பதவிங்க,” என்றது இன்னொரு குரல். “பேரச் சொல்லிட்டுப் பின்னால போய் நில்லுங்க.”

மூன்றாம் நாள் அலங்காரப்பிரியர் தட்டுத் தடுமாறி மணவாளனைக் கண்டடைந்தார். முத்திரைக்கு எதிராக இனி முத்திரைதான் செல்லும், அதுவும் பெயர் சொன்னால்தான். முத்திரையைக் கைமாற்றிவிட்டு, “முதலில் அரசர். அடுத்து யாம்,” என்றார். ஒரேயொரு முறை குத்தத்தான் அரக்கு மிச்சமிருந்தது என்பதை இருவருமே விரலால் தடவி அறிந்தார்கள்.

இருபத்திரண்டு ஆண்டு எழுதிய கைக்குக் கண் தேவைப்படவில்லை. மணவாளன் ஒரு வரி எழுதி அழுத்திக் குத்தினார்.

உப்பளத் தெரு இருந்த பக்கம் கயல்விழி தெரிந்தாள். வானமோ மண்ணோ தெரியாத நாட்டில் அவள் ஒருத்திதான் தெரிந்தாள். பார்க்க வேறெதுவும் இல்லாததால் நாடே அந்தப் பக்கம் திரண்டது. கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டது.

அன்று மாலையே முரசு கேட்டது. ஒரு குழந்தை இவ்வளவு தெளிவாகத் தெரிவது இந்த ஆட்சியின் ஈடிணையற்ற சாதனை என்றும், வரும் தேர்தலில் அக்குழந்தையின் முகத்துக்கே வாக்களிக்க வேண்டும் என்றும் அறிவித்தார்கள். அறிவித்தவர் யாரென்று தெரியவில்லை. குரல் மட்டும் எல்லோருக்கும் பழகியதாக இருந்தது.