1957-க்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை

உலகத்தில் எத்தனையோ ரயில் விபத்துகள் நடந்திருக்கின்றன. ஆனால் விபத்து நடந்த நாலாவது நிமிடத்தில் விசாரணைக் குழு அமைத்து, பத்தாவது நிமிடத்தில் தேநீர் ஆற்றி, கேக் தீருவதற்குள் அறிக்கையும் தாக்கல் செய்த பெருமை இங்கிலாந்தில் ஒரே ஓர் அமைப்புக்குத்தான் உண்டு. அது மார்ல்தார்ப் ஊரின் மாதிரி ரயில் கழகம்.

விபத்து ஈஸ்டர் கண்காட்சியில் நடந்தது. மேசை மேல் பாலத்தைக் கடந்துகொண்டிருந்த குட்டி ரயிலின் மூன்றாவது பெட்டி, கழகத் தலைவர் லெஸ்டர் ஹாக்வுட்டின் கம்பளிச் சட்டையில் தொங்கிய நூலில் மாட்டியது. அவர் கேக் எங்கே என்று திரும்பினார். பெட்டி தரையில் விழுந்தது. நமக்கு அது நாலடி உயரம். எழுபத்தாறில் ஒரு பங்கு அளவில் வாழ்கிற பயணிகளுக்கோ முந்நூறு அடிப் பள்ளம். 'காரணம்: பலத்த பக்கவாட்டுக் காற்று' என்று விசாரணைக் குழு ஒருமனதாகக் கண்டறிந்தது. குழுவின் தலைவர் லெஸ்டர் ஹாக்வுட்.

பெட்டியைச் சீரமைக்கும் பொறுப்பு ராய்ஸ்டன் பிம்லெட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அஞ்சலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அவருக்கு 'பெட்டி மீட்பு அலுவலர்' என்று பதவியும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கே கொல்லைப்புறப் பட்டறையில் நுழைந்துவிடுவார். பழைய பெயின்ட்டைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தார். வளைந்த கூரையை வெந்நீரில் போட்டு நிமிர்த்தினார். உடைந்த மூலையைப் பிளாஸ்டிக் சீவலால் புதிதாகக் கட்டினார். ஜன்னல் கண்ணாடிக்காக மூன்று பிஸ்கட் டப்பாக்களின் மூடி போயிற்று. கதவுக் கைப்பிடி பதினாறும் மெல்லிய செம்புக் கம்பி. அதை ஒட்டும்போது மூச்சு விட்டால் பறந்துவிடும் என்பதால், மூச்சு விடுவதையே குறைத்துக்கொண்டார். தியாகம் என்றால் அதுதான்.

அவர் மனைவி ஹெஸ்டருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஏழு பன்னிரண்டு ரயிலைப் பிடித்து, பெல்ஷா ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போவாள். இது நிஜ ரயில். அதனால் கழகத்துக்கு அதில் அவ்வளவாக ஈடுபாடு இல்லை.

அந்த நிஜ ரயில் இனி மார்ல்தார்ப்பில் நிற்காது என்று அறிவிப்பு வந்தது. ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டு, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஸ்டேஷனில் கொடுத்தால் மறுபரிசீலனை உண்டாம். ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் ஹெஸ்டர் வீடு வீடாக ஏறி இறங்கி முப்பத்தொன்று சேர்த்தாள். அதற்கு மேல் கால் ஒத்துழைக்கவில்லை.

"ராய், இன்னும் பத்தொம்பதுதான். உங்க கழகத்துல இருபத்திரண்டு பேர் இருக்காங்க. ரயில்னா உயிரையே விடுறவங்க. சனிக்கிழமை கூட்டத்துல வாங்கிக் குடுத்துடுவியா?"

"பத்தொம்பது என்ன, இருபத்திரண்டையும் வாங்கியாறேன் பாரு," என்றார் ராய்ஸ்டன். வாயில் மூன்றே முடி உள்ள பெயின்ட் பிரஷ் இருந்ததால் கொஞ்சம் குழறியது.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. சீரமைத்த பெட்டியை வெல்வெட் துணி மேல் வைத்தார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

முதல் பிரச்சினை, விபத்தில் ஒரு பயணியின் தலை காணாமல் போயிருந்தது. தலை இல்லாதவரைப் பயணம் செய்ய அனுமதிக்கலாமா?

"செய்தித்தாள் ஒண்ணு கையில குடுத்துட்டா மறைஞ்சிரும்," என்றார் உறுப்பினர் நெவில். எந்தக் கூட்டத்திலும் உருப்படியாகப் பேசிவிடும் கெட்ட பழக்கம் அவருக்கு.

"எந்தக் கட்சிப் பத்திரிகை?" என்று ஒருவர் கேட்டார். அதில் ஒரு மணி நேரம் போயிற்று.

அடுத்தது, பெட்டியின் பளபளப்பு. புதிதாகப் பெயின்ட் அடித்த பெட்டி அந்தத் தடத்தில் ஓடியதாகச் சான்று இல்லை. ஆகவே உறுப்பினர்கள் ஜன்னல் விளிம்புகளைத் துடைத்துத் தூசி சேகரித்து, அதை முறைப்படி பெட்டியின் மேல் பூசினார்கள். தூசியின் நிறத்தில் இருவருக்கு மட்டும் கருத்து வேறுபாடு.

நாலே காலுக்கு ராய்ஸ்டன் மனுவோடு எழுந்தார். "தலைவரே, நம்ம ஊரு ஸ்டேஷன் விஷயமா ஒண்ணு..."

"எந்த வருஷத்து ஸ்டேஷன்?"

"இந்த வருஷத்துதான்."

எல்லோரும் சுவரில் மாட்டியிருந்த விதிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். கழகத்தின் மூன்றாம் விதி மிகத் தெளிவானது. 'இந்தக் கூரையின் கீழ் என்றும் 1957 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை.' 1958-இல் வந்த எஞ்சின் ஒன்றைத் தெரியாமல் கொண்டுவந்த ஓர் உறுப்பினரோடு மூன்று வருடம் யாரும் பேசவில்லை.

"57-ல நம்ம ஸ்டேஷன்ல ரயில் நிக்குதா, இல்லையா?" என்றார் தலைவர்.

"நிக்குது. ஒரு நாளைக்குப் பதினாலு."

"அப்புறம் யாரை எதிர்த்து மனு?"

"என் பொண்டாட்டிக்கு டயாலிசிஸ்..."

"அந்த மெஷின் 57-ல பெல்ஷாவுக்கு வந்துடுச்சா?"

"வரல."

"பாத்தீங்களா?" என்றார் தலைவர், மனப்பூர்வமான அனுதாபத்தோடு.

நெவில்தான் மறுபடி வாயைத் திறந்தார். "வெளிய கார் நிறுத்துற இடத்துல இந்த வருஷம்தானே நடக்குது? அங்க போய்க் கையெழுத்துப் போட்டா விதிக்கு என்ன வந்துச்சு?"

சட்ட நுணுக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. இருபத்திரண்டு பேரும் பேனாவைத் தேடினார்கள். எல்லோருக்கும் கார் உண்டு. ரயிலில் ஏறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டாலும், ரயில் மேல் அன்பு குறையவில்லை.

"போறதுக்கு முன்னாடி பெட்டிய ஒரு சுத்து விட்டுப் பாத்துடலாமே," என்று யாரோ சொன்னார்கள். ராய்ஸ்டன்தான் சொன்னார் என்று பிறகு பதிவேட்டில் இருந்தது.

விட்டார். பெட்டி பாலத்தின் மேல் ஊர்ந்தது. ஆறு வார உழைப்பு பிஸ்கட் மூடி ஜன்னலில் மின்னியது. ராய்ஸ்டன் குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோனார். இன்னொரு சுற்று. மூன்றாவது வளைவில் சக்கரம் லேசாகத் தூக்கியது, அதைச் சரிசெய்தார். பிறகு, சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சுற்று. சரியாகத்தான் இருந்தது என்று உறுதி செய்ய இன்னும் இரண்டு.

எல்லோரும் கைதட்டிவிட்டு வெளியே வந்து கையெழுத்திட்டார்கள். இருபத்திரண்டும் அழகான கையெழுத்து. மணி ஐந்தே முக்கால்.

அடுத்த மாதத்திலிருந்து ஏழு பன்னிரண்டு, மார்ல்தார்ப்பில் ஊதிவிட்டுப் போகிறது. ஹெஸ்டர் ஐந்தரைக்கே கிளம்பி இரண்டு பஸ் மாறுகிறாள். திரும்பும்போது ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் மழையில் நிற்கிறாள். அங்கே கூரை கிடையாது. முதல் வாரம் அழுதாள். அப்புறம் அதற்கும் தெம்பில்லை.

கழகம் கல் நெஞ்சு படைத்ததல்ல. விதியை மீறாமல் என்ன செய்யலாம் என்று நாலு வாரம் விவாதித்து, ஹெஸ்டருக்கு ஒரு 'நிரந்தர மரியாதை' செய்ய முடிவெடுத்தது. இலையுதிர்காலக் கண்காட்சியன்று ராய்ஸ்டன் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். மேசை மேல் மார்ல்தார்ப் ஸ்டேஷன். நடைமேடையில் நீலக் கோட்டும் தொப்பியுமாக இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெண்.

"யாரு இது?"

"நீதான் ஹெஸ்! என் கையாலயே செஞ்சேன்."

"57-ல நான் பொறக்கவே இல்லையே."

"அதுக்குத்தான் அந்தக் காலத்துத் தொப்பி. அதுக்கப்புறம்தான் அனுமதியே குடுத்தாங்க."

குட்டி ரயில் வந்தது. சீரமைத்த பெட்டி, மயிரிழை பிசகாமல் அந்தப் பெண்ணுக்கு நேராக நின்றது. ஹெஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நடைமேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். வேறு ஆளே இல்லை.

"நீ எங்க, ராய்?"

இவ்வளவு விவரம் தெரியாதவளாக இருக்கிறாளே என்று ராய்ஸ்டன் பாசத்தோடு சிரித்தார்.

"நான் எப்படி அங்க இருப்பேன்? நீ ரயிலுக்கு நின்னப்பல்லாம் நான் பட்டறையில இந்தப் பெட்டிய ஒட்டிக்கிட்டு இருந்தேன். நடக்காததை நடந்த மாதிரி காட்டுற பழக்கம் எங்க கழகத்துல கிடையாது, ஹெஸ்."