தவறினால் ஒரு கோப்பை

இங்கிலாந்தைத் தாங்கி நிற்கும் தூண்கள் மூன்று: அரசர், திருச்சபை, லண்டன் மதுப்பாட்டுக் கனவான்கள் சங்கம். முதல் இரண்டும் எப்போதாவது ஆட்டம் கண்டதுண்டு. சங்கம் வியாழக்கிழமைதோறும் கண்டது.

சங்கத்தின் 'சட்டம்' கண்டிப்பானது. ஒருவர் மதுவைப் புகழ்ந்து பாடத் தொடங்கியதும், அவர் வாலைப் பிடித்து அடுத்தவர் அதே அடியைத் தொடங்க வேண்டும். அவர் பின்னால் மூன்றாமவர். இடையில் தவறியவருக்கு ஒரு கோப்பை போர்ட் மது தண்டனை. இத்தனை கொடிய தண்டனையைக் கனவான்கள் முணுமுணுக்காமல் ஏற்றதை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

பாட்டுகளை எழுதியவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அம்புரோஸ் பெட்டிஃபர். அவருக்கு வெகுநாளாக ஒரே ஆசை, சங்கத்தின் தங்கப் பதக்கம். அந்த வருடம் அது கிடைத்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் மெழுகுவத்தி வியாபாரி பார்னபியின் மனைவி டோர்கஸ் அவர் வாசலில் வந்து நின்றாள்.

"அவருக்கு ஈரல் வீங்கிப் போச்சுங்க. இன்னும் குடிச்சா பொழைக்க மாட்டார்னு டாக்டர் கையை விரிச்சிட்டாரு."

"சங்கத்துக்குப் போக வேணாம்னு சொல்லேம்மா."

"என்னை விட்டாலும் விடுவாரு, அதை விட மாட்டாரு. நீங்க கொஞ்சம் சுலபமா எழுதுங்க ஐயா. தப்பு பண்ணாத்தானே குடிக்கணும்?"

அம்புரோஸுக்கு மனம் இளகிவிட்டது. பச்சைப்பிள்ளையும் பாடும்படி ஒன்று எழுதினார். வியாழக்கிழமை அத்தனை பேரும் பிசகாமல் பாடி முடித்தார்கள். பார்னபி முகத்தில் அப்படியொரு பூரிப்பு. மற்றவர்கள் இழவு வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் சர் லயனல் எழுந்தார்.

"என்னய்யா பாட்டு இது? தொண்டை காஞ்சு கெடக்கு!"

"யாரும் தப்பே பண்ணலையே, ஐயா?"

"இதுல தப்பு பண்ணா நாய்கூடச் சிரிக்கும்! மானமுள்ளவன் எப்படிய்யா பண்ணுவான்? உமக்குப் பதக்கம் வேணுமா, வேணாமா?"

அம்புரோஸ் மனசாட்சியோடு கடுமையாகப் போராடினார். மனசாட்சிக்குப் பதக்கம் தரும் அதிகாரம் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அடிக்கு அடி முடிச்சுப் போட்டார். 'கோப்பை நிறைந்தால் சாவும் ஓடும்' என்ற பல்லவி கனவான்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பார்னபி தவறினார், குடித்தார். குடித்ததால் மறுபடி தவறினார். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதைதான். கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கத்துக்குச் சங்கமே திரண்டு வந்தது. கல்லறைத் தோட்டத்துக்குள் மது கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். குழியைச் சுற்றி நின்று, 'சாவும் ஓடும்' என்று அதே பாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை பாடினார்கள். மார்பில் பதக்கத்தோடு அம்புரோஸ் கேவிக் கேவி அழுதார். பிறகு டோர்கஸிடம் போனார்.

"எவ்வளவு அருமையாப் பாடினாங்க, பாத்தியாம்மா?"

"பாத்தேங்க. பாட்டு கஷ்டம்னுதான் எல்லாரும் தப்பு பண்றாங்கன்னு நெனச்சிருந்தேன். இன்னிக்கு பாட்டிலைக் காணோம், ஒருத்தர்கூடத் தப்பு பண்ணல. நெசமாவே பாட வராம தவறினவர் ஒருத்தர்தான் போல. அவரைத்தான் புதைச்சிட்டீங்களே."