அடுத்தவர் பாக்கெட்

மாமியார் வரவே கூடாது. பல் தேய்க்கும்போதே ரூட்டர் சார் தீர்மானித்துவிட்டார். அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். அங்கே மாடி மாடியாக நெட்வொர்க்கை மேய்ப்பவர், வீட்டில் மேய்க்கப்படுபவர்.

மழைக்காலம் முழுக்க வந்து தங்கப்போவதாக மாமியார் சொல்லியிருந்தார். என்றைக்கு என்பதுதான் பாக்கி. அதைத் தினமும் மாலையில் அம்மாவும் மகளும் வீடியோவில் பேசித் தீர்மானிப்பார்கள். பேசவே முடியாவிட்டால்?

வீட்டு நெட் முழுவதும் அலமாரிமேல் இருந்த பழைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் போனது. அதற்கு ஒரு நல்ல குணம். அடுத்தவருக்குப் போகவேண்டிய பாக்கெட், அதாவது தகவல் பொட்டலம், வந்தால், முகவரி பார்த்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். அந்தக் குணத்தை அணைத்துவிட்டால், ‘இது எனக்கு வந்தது இல்லையே’ என்று குப்பையில் போட்டுவிடும். சார் அணைத்தார். தன் லேப்டாப்பை மட்டும், வெளியிலிருந்து நெட் வந்து இறங்கும் மோடத்தில் நேராகச் செருகிக்கொண்டார்.

அதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார். எழுந்தார். மூடிய ஜன்னலை மறுபடி மூடினார்.

“ஏங்க, அம்மா முகமே வரமாட்டேங்குது.”

“பாக்கெட் விழுதும்மா.”

“எந்தப் பாக்கெட்? சட்டையா, பேண்ட்டா?”

“நெட் பாக்கெட்! வழியில எங்கயோ விழுது.”

“விழுந்தா எடுத்துக் குடுக்கிறதுதானே உங்க வேலை?”

“அது... வெளியில கோளாறு.”

“போன்ல பேசலாம்னா நம்ம ஏரியாவையே சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது.”

“ஆமா, பாவம் அத்தை!”

ஒரு வாரம் ஓடியது. மனைவி துடைப்பத்தோடு அலமாரிப் பக்கம் போனாலே அவருக்கு வியர்த்தது. “தூசியா? குடு, நானே தட்டுறேன்!” கல்யாணமான நாளிலிருந்து துடைப்பத்தைத் தொடாத மனுஷன். அவள் துடைப்பத்தை அவரிடம் கொடுத்தாள். அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய லேப்டாப்பை மனைவி அப்போதுதான் மூடினாள்.

“உங்க லேப்டாப்புல மட்டும் அம்மா பளிச்சுனு தெரியுறாங்களே!”

சார் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “அப்படியா? அத்தை... என்ன சொன்னாங்க?”

“முட்டி வலியாம். இந்தத் தடவை வர முடியலைன்னு சொல்லத்தான் ஒரு வாரமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம்.”

துள்ளிக் குதிக்காமல் இருக்க அவர் படாத பாடு பட்டார். “ஐயோ பாவம்! வற்புறுத்தாதே. உடம்புதான் முக்கியம்.”

“நானும் அதைத்தான் சொன்னேன். அப்புறம் லைனை அடைச்சு வச்சது யாருன்னும் சொன்னேன். உடனே வலி போயிடுச்சு.”

“போயிடுச்சா?”

“ம். அப்பாவையும் கூட்டிக்கிட்டு நாளைக்கே வர்றாங்க. உங்க ரூமை ஒழிச்சுக் குடுங்க.”