டாஷ்போர்டுக்குள் ஒரு மகன்

செத்தவர்களோடு பேசுவதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பழைய கார் விற்கும் கொட்டகை ஒன்றின் முன்னால் தொடங்கிய வரிசை டயர் கடையைத் தாண்டி, சலூனைத் தாண்டி, தெருமுனையில் இருந்த பல் மருத்துவர் வாசல் வரை நீண்டது. பல்வலிக்கு வந்தவர்களில் சிலர் வரிசை மாறி நின்றுவிட்டு, சொத்தைப் பல்லோடு, ஆனால் பரம திருப்தியோடு, வீடு திரும்பினார்கள்.

கொட்டகைக்குள் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன் டாஷ்போர்டுக்குள் ஓர் ஆவி குடியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் கொட்டகைக்காரர். அதற்கு முன்பு அவர் பழைய கார் தரகர். ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டி விற்பதில் பேர் பெற்றவர். இப்போது அவர் பெயர் தட்டுமொழி வித்தகர். பட்டத்தைக் கொடுத்தவரும் அவர்தான், பணிவோடு ஏற்றுக்கொண்டவரும் அவர்தான்.

டாஷ்போர்டு முழுக்கக் கறுப்புத் துணி போர்த்தியிருக்கும். வித்தகர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் பாதி திருகுவார். ஒரு கையைத் துணிக்கு அடியில் நுழைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அதிர்வை வாங்குகிறாராம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கேள்வி கேட்க வேண்டும். உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் ஆமாம். இரண்டு வந்தால் இல்லை. ஆவிக்கு அதற்கு மேல் படிப்பு கிடையாது. ஆனாலும் கல்யாணம் கூடுமா, கட்டி கரையுமா, வீட்டை விற்கலாமா என்று சகல விஷயத்திலும் அதனிடம்தான் யோசனை கேட்டார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் தினமும் முதல் ஆளாக வந்து நின்றார். வேலையில் இருந்த காலம் முழுக்க ஊரார் கையெழுத்தையெல்லாம் சந்தேகப்பட்டவர், இந்த ‘டக்’கை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

போகும்போது ஆளுக்கொரு குப்பி வாங்கிப் போனார்கள். ஏசி துவாரத்திலிருந்து வரும் காற்றைப் பிடித்து அடைத்த குப்பி. சகல நோய்க்கும் மருந்து. காலிக் குப்பியைக் காலி என்று சொல்லாமல் விற்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அதை நம்பி வாங்குவதற்கு எந்தத் திறமையும் வேண்டாம்.

அந்தக் காரில் ஒருவன் இறந்தது உண்மைதான். வேலை முடிந்து வரும் வழியில் நெஞ்சு வலித்து, காரை ஓரமாக நிறுத்தி, நிறுத்தியபடியே போய்விட்டான். வீட்டில் அவன் தாயும் மனைவியும் மிஞ்சினார்கள். மனைவிக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. காரைப் பார்க்கவே இருவருக்கும் பொறுக்காததால் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

தரகர் வந்தபோது மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். அவர் சாவியைத் திருகினார், டாஷ்போர்டில் எதையோ தொட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று தாய் கேட்டாள். சின்ன ரிப்பேர் என்று சொல்லி விலையைக் குறைத்திருந்தால் அவர் வெறும் தரகராகவே இருந்திருப்பார். ஆனால் அவர் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அழுது அழுது வீங்கிப்போன அந்த முகத்தில் காரைவிடப் பெரிய வியாபாரம் இருந்தது. கண்ணை மூடினார். மகனின் கடைசி மூச்சை ஏசி உள்ளே இழுத்துக்கொண்டது, வெளியே வர வழி தெரியாமல் அவன்தான் தட்டுகிறான் என்றார். அம்மாவிடம் ஏதோ சொல்லத் துடிக்கிறானாம். அதற்குத் தகுந்த இடம் தன் கொட்டகைதானாம்.

மருமகள் திரும்பியபோது காரைக் காணவில்லை; காசு வாங்காமலே அதைக் கொட்டகைக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள் மாமியார். மாமியாரின் முகத்தில், பல மாதங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள். நடந்தது பித்தலாட்டம் என்று தெரியும். ஆனால் அன்று மாமியார் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த வெளிச்சம் அதிக நாள் நிற்கவில்லை. ஒரு காலையில் மாமியார் அடுப்படியில் தலைசுற்றி விழுந்தாள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்து படுக்க வைத்த பிறகு மருமகள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் குப்பிகள் வரிசையாக நின்றன.

மாத்திரை வேணுமா, குப்பி போதுமா என்று மாமியார் மகனிடமே கேட்டாளாம். மாத்திரைக்கு இரண்டு தட்டு, குப்பிக்கு ஒரு தட்டு.

“அத்தை, நீங்க ஒரு வேளை மாத்திரையை விட்டாலும் உங்க மகன் வீட்டையே ரெண்டு பண்ணுவாரே. நெனைச்சுப் பாருங்க,” என்றாள் மருமகள்.

மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு, செத்தவர்களுக்கு நம்மைவிட அதிகம் தெரியும் என்று வித்தகர் சொன்னதைச் சொன்னாள். குரலில் பாதிதான் நம்பிக்கை இருந்தது. மீதி பாதி பயம், அந்தத் தட்டும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

மருமகளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஊகிக்காமல் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அதே மாடல் காரின் டாஷ்போர்டை யாரோ கழற்றிக் காட்டிய வீடியோவைத் தேடி எடுத்து, திரும்பத் திரும்பப் பார்த்தாள். மாமியார் தேறியதும், ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் தட்டையான பிளாஸ்டிக் கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். இருவரும் வரிசையில் நின்றே வந்தார்கள்.

முறை வந்ததும், டாஷ்போர்டைத் திறக்கப் போவதாகச் சொன்னாள். வித்தகர் பதறவில்லை. இந்த நாளுக்கு அவர் முன்பே தயாராக இருந்திருக்க வேண்டும்.

“தெறந்தா உன் புருஷன் ரெண்டாவது தடவை சாவான். அந்தப் பாவம் உனக்கு வேணுமா?”

கூட்டம் உச்சுக் கொட்டியது. அடுத்தவர் நம்பிக்கையில் கை வைப்பது படித்த பெண்ணுக்கு அழகில்லை என்றார் வங்கி மேலாளர்.

“சரி, தெறக்கலை. நீங்க கீழ எறங்கி நில்லுங்க. அத்தை தனியா உக்காந்து கேக்கட்டும்.”

தான் இல்லாமல் ஆவி பேசாது என்றார் வித்தகர்.

“அம்மாகிட்ட பேச மகனுக்குத் தரகர் எதுக்கு?”

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். வித்தகர் அந்தப் பக்கம் முறைத்தார். பாவ புண்ணியத்தைப் பற்றி அவர் நீட்டி முழக்கத் தொடங்கியபோது, தாய் முன்னால் வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“என் புள்ள இதுக்குள்ள இருக்கான்னா நான் அவனைப் பாக்கணும். தெற.”

எல்லாவற்றையும் கணக்குப் போட்ட வித்தகர், பெற்றவளுக்குப் பார்க்க ஆசை வரும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கூட்டத்திலும் தாய்மார்கள் இருந்தார்கள். இறங்குங்கய்யா என்று இரண்டு குரல்கள் கேட்டன. இறங்கினார்.

கறுப்புத் துணியை எடுத்ததும் முதல் சங்கதி தெரிந்தது. காற்று சூடாக வேண்டுமா, குளிராக வேண்டுமா என்று திருப்பும் குமிழைச் சுற்றி வர்ணம் தேய்ந்து பளபளத்தது. மற்ற குமிழ்களெல்லாம் புதுசு போல இருந்தன. அதிர்வு வாங்கிய விரல்கள் வேறெங்கும் வாங்கவில்லை.

மருமகள் பிளாஸ்டிக் கரண்டியை இடுக்கில் நுழைத்து நெம்பினாள். ரேடியோவைச் சுற்றியிருந்த சட்டம் படக் படக்கென்று கழன்று வந்தது. ஒரு கிளிப் உடைந்து தெறித்தது. திருகாணிகளைக் கழற்றினாள். ஒன்று கைநழுவி சீட்டுக்கு அடியில் உருண்டது. குமிழ்கள் இருந்த பலகை, ஒயர்களோடு தொங்கியபடி கையோடு வந்தது. அடுத்து, பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருந்த சாமான் பெட்டியின் இரு பக்கத்தையும் அமுக்கி, இழுத்துக் கீழே இறக்கினாள். விரல் முட்டியில் சிராய்த்து ரத்தம் வந்தது. போன் டார்ச்சை மாமியார் பிடித்துக்கொண்டாள்.

தூசி இருந்தது. காய்ந்த இலைகள் இருந்தன. காலமாகிவிட்டதாகச் சொல்லத்தக்க ஒரே ஜீவன், மல்லாந்து கிடந்த ஒரு கரப்பான்பூச்சி. அவற்றுக்குப் பின்னால் கறுப்புக் காற்றுப் பெட்டியில், குமிழைத் திருப்பினால் காற்றின் வழியை மாற்றும், உள்ளங்கை அளவுள்ள ஒரு சின்ன மோட்டார். அதனோடு சேர்ந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பற்கள் சில உடைந்திருந்தன.

மருமகள் சாவியைப் பாதி திருகினாள். தொங்கிய பலகையை மாமியார் கையில் கொடுத்து, நீங்களே திருப்புங்கள் என்றாள்.

மாமியார் குமிழைக் கொஞ்சம் திருப்பினாள். சக்கரம் நகர்ந்தது, உடைந்த இடத்தில் வழுக்கியது. டக். அந்தப் பக்கம் திருப்பினாள். டக்.

“நான் மாத்திரை சாப்பிடணுமா?” என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே திருப்பினாள். டக்.

“சாப்பிட வேணாமா?” டக்.

மருமகள் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கினாள். மாமியார் குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தாள். சத்தம் இல்லை.

ஆவி கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டது, இப்போது கேட்டது வெறும் இயந்திரச் சத்தம் என்று வித்தகர் தொடங்கினார். மருமகள் ஒயரை மறுபடி சொருகி, குமிழைத் திருப்பி, அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு ‘ஆமாம்’ சொல்லிக் காட்டினாள்.

மாமியார் காரிலிருந்து இறங்கி அவர் எதிரில் போய் நின்றாள். அழவில்லை.

“போகும்போது வலிச்சுதாப்பான்னு அவன்கிட்ட கேட்டேன். ரெண்டு தட்டு வந்துது. அன்னிக்குத்தான் நான் தூங்கினேன். அது நீயா?”

வித்தகர் ஒருமுறையும் தட்டவில்லை, இருமுறையும் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பின்வாசல் பக்கம் நகர்ந்தார். டயர் கடைக்காரர் அங்கே நின்றுகொண்டிருந்ததால் போக முடியவில்லை. குப்பி வாங்கியவர்கள் அவரைச் சூழ்ந்தார்கள். இத்தனை நாள் அவரை ஒன்றும் கேட்காமல் வரிசையில் நின்றவர்களுக்கு அன்று திடீரென்று நிறையக் கேள்விகள் இருந்தன. எதற்கும் ஆமாம், இல்லை என்ற பதில் போதவில்லை. போலீஸ் வந்து கூட்டிப்போன பிறகுதான் அவருக்கே மூச்சு வந்தது.

டாஷ்போர்டு பிளந்து ஒயர் தொங்க, மருமகள் காரை வீட்டுக்கு ஓட்டினாள். பாதி வழியில் மாமியார் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். மகன் போன அன்று கூட அப்படி அழவில்லை. மருமகள் தேற்றவில்லை. அவளுக்கும் கண் மறைத்ததால் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். வீடு வந்ததும் மாமியார் தானாகவே தண்ணீர் எடுத்து மாத்திரையை விழுங்கினாள்.

வங்கி மேலாளர் மட்டும் தளரவில்லை. இது போலி என்பதால் எல்லாமே போலியாகிவிடுமா என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டார். அடுத்த தெருவில் யார் வீட்டிலோ துணி துவைக்கும் மெஷின் முனகுகிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த முனகல் சாதாரண முனகலாகத் தெரியவில்லை என்கிறார். அங்கேயும் வரிசை தொடங்கிவிட்டது.

நிற்கப் போகிறவர்கள் போய் நில்லுங்கள். ஆனால் மூடியிருக்கும் எதன் முன்னாலும் கைகட்டி நிற்பதற்கு முன்னால், ஒரு தடவை திறந்து பாருங்கள். முதலில் கழுத்துக்கு மேலே மூடி வைத்திருப்பதை.