எங்கள் பங்கின் விலாசங்களை நான் அழித்த கதை

எங்கள் கோயில் பங்கின் அத்தனை குடும்பங்களையும் ஒரே காலைப்பொழுதில் விலாசம் இல்லாதவர்களாக்கியவள் நான். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய தேவை வரவில்லை. பாதர் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

2003ஆம் ஆண்டு. சண்டை நின்றிருந்த காலம். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயிலைத் திருத்தி, இடம்பெயர்வுக்குப் பிறகு முதன்முறையாகப் பெருநாளைப் பெரிதாகக் கொண்டாடுவதென்று முடிவாகியிருந்தது. ஊருக்குத் திரும்பியவர்கள் சிலர்தான். மற்றவர்கள் வன்னியில், மன்னாரில், தமிழ்நாட்டு முகாம்களில், கனடாவில். அவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்புவதற்காகப் பாதர் எமிலியன் ஒரு வருடமாக விலாசம் சேர்த்தார். கடிதம் போட்டார், ஆள் விட்டார், செத்தவீடுகளில்கூட விசாரித்தார். கிடைத்ததையெல்லாம், வெளிநாட்டிலிருந்து ஒருவர் அனுப்பிய கம்பியூட்டரில், ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்து வைத்திருந்தார்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அப்பா கடலுக்குப் போகிறவர். நான் யாழ்ப்பாணத்தில் ஆறு மாதக் கம்பியூட்டர் வகுப்பு முடித்தவள். (உண்மையில் ஐந்து மாதம். டிஸ்க்கைப் பிரிப்பது பற்றி ஆறாவது மாதத்தில்தான் படிப்பித்தார்கள். அந்த மாதம் நான் கொப்புளிப்பான் அம்மை வந்து படுத்திருந்தேன்.) வகுப்பில் ஒருத்தி லினக்ஸ் சீடி ஒன்று தந்திருந்தாள். அதைப் போடத் தெரிந்தவர்தான் கம்பியூட்டர் தெரிந்தவர் என்று எங்களுக்குள் ஒரு எண்ணம். எங்கள் வீட்டில் கம்பியூட்டர் கிடையாது. ஆகவே கோயிலுடையதில் போடுவதென்று தீர்மானித்தேன்.

"இப்ப இருக்கிற விண்டோஸும் இருக்கும் பாதர், லினக்ஸும் இருக்கும். ஓன் பண்ணேக்கை எது வேணுமெண்டு அதுவே கேக்கும்" என்றேன்.

"ஒரு வீட்டுக்குள்ளை ரெண்டு குடும்பமோ?"

"ஓம் பாதர். நடுவிலை ஒரு சுவர் வைக்கிறது."

"சுவர் வைக்கேக்கை வீடு இடியாதோ பிள்ளை?"

"இடியாது பாதர். நான் படிச்சனான்."

மணி அடித்து, பீடம் சோடிக்கிற சங்கிலித்தாம் அந்தோனிப்பிள்ளை அண்ணை ஜெனரேற்றரை இயக்கிவிட்டு வந்து வாசலில் நின்றார். எனக்கு அது பூசை வைப்பது போலவே இருந்தது. சீடியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் திரையில் ஓர் அறிவிப்பு: டிஸ்க்கில் இடம் போதாது. பார்த்தால் இரண்டு நீளப் பெட்டிகள். முதலாவதில் விண்டோஸின் பெயர். இரண்டாவதில் ஒரு பெயரும் இல்லை.

தெரியாதவள் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பாள். எனக்கு ஐந்து மாத அறிவு இருந்தது. பெயரில்லாதது வெறுமையாகத்தான் இருக்கும் என்று முடிவெடுத்து அதை அழித்தேன். "நிச்சயமாகவா?" என்று கம்பியூட்டர் கேட்டது. நிச்சயம் என்றேன். இன்னொரு முறை கேட்டது. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. திரும்ப இயக்கியபோது, எது வேண்டும் என்று நான் சொன்னபடியே கேட்டது. லினக்ஸ் வந்தது. விண்டோஸும் வந்தது. பாதர் கைதட்டினார். அந்தோனிப்பிள்ளை அண்ணை எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரக் குசினிக்குப் போனார்.

"நல்லது. அப்ப நான் ரெண்டு விலாசம் அடிக்கக் கிடக்கு" என்று பாதர் பட்டியலைத் திறந்தார். திறக்கவில்லை. இன்னொரு தரம் தட்டினார்.

"பாதர், பட்டியலை எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

"அதுவோ? கம்பியூட்டர் பூட்டித் தந்த தம்பி, விண்டோஸ் பழுதானாலும் இது தப்பட்டும் எண்டு, ரெண்டாவது பெட்டிக்குள்ளை வைச்சுத் தந்தவர்."

தேத்தண்ணி வந்தது. நான் குடிக்கவில்லை.

பிளொப்பியில் ஏதும் எடுத்து வைத்தீர்களா என்று அப்போதுதான் கேட்டேன். இல்லை. வந்த கடிதங்கள்? பாதர் அந்தோனிப்பிள்ளை அண்ணையைப் பார்த்தார். "எல்லாம் கம்பியூட்டருக்குள்ளை போட்டாச்சு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள் பாதர்" என்றார் அவர். தூபக்காலுக்கு நெருப்பு மூட்ட அந்தக் காகிதங்கள் நன்றாக உதவியிருக்கின்றன.

அடுத்த நாள் கம்பியூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில், இதற்குள் என்ன என்று கேட்டார்கள். "ஒண்டுமில்லை" என்றேன். அவ்வளவு உண்மையான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. வகுப்பில் படிப்பித்த சேர் ஒரு பகல் முழுக்க எதையெதையோ போட்டுத் தேடினார். கடைசியில், "அழிச்சது பரவாயில்லை பிள்ளை. எடுத்திருக்கலாம். அழிச்ச இடத்துக்கு மேலையே லினக்ஸை எழுதிப்போட்டீர். இனி ஏலாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பிரசங்கம் முடிந்ததும் பாதர் சொன்னார்: "நாங்கள் சேர்த்த விலாசங்கள் அழிஞ்சுபோச்சு. கவனமாப் பாதுகாக்காதது என்ரை பிழை."

எப்படி எழும்பினேன் என்று தெரியவில்லை. அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்ததுதான் நினைவிருக்கிறது. "இல்லைப் பாதர், நான்தான் அழிச்சனான்" என்றேன். குரல் பூனைக்குட்டியுடையது போல வந்தது. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாதர், "அப்ப பூசை முடிய ஒரு கொப்பியோடை வாசலிலை நில்லும்" என்றார்.

நின்றேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு மெல்ல மெல்ல வந்தார்கள். தங்கையின் விலாசம், சம்பந்தியின் விலாசம், முன்னர் பக்கத்து வீட்டில் இருந்தவர்களின் விலாசம். பாதருக்குத் தெரியாத விலாசங்களும் வந்தன. கடைசியாக றீற்றா அக்கா வந்தார். அவருடைய மகன் இடம்பெயர்ந்த வருடம் கடலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, அவனும் வரவில்லை.

"என்ரை சேவியற்றை விலாசத்தையும் எழுது பிள்ளை."

"எந்த விலாசம் அக்கா?"

"எங்கடை வீட்டு விலாசம்தான். அவனுக்கு வேறை எது தெரியும்?"

எழுதினேன். ஊரின் பெயரை இரண்டு முறை எழுதிவிட்டேன். அழைப்புகள் அச்சானபோது அவனுக்கும் ஒன்று தபாலில் போனது. பெருநாளன்று றீற்றா அக்கா அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். அன்று கோயிலுக்குள் இடம் போதவில்லை. கனடாவிலிருந்து வந்தவர்கள் வெயிலில் நின்றார்கள். அந்தக் கொப்பியை நான் கம்பியூட்டரில் அடிக்கவில்லை. பாதரும் கேட்கவில்லை.

ஊர் என்னை மன்னித்துவிட்டது. வீட்டில் அந்தத் தயவு கிடைக்கவில்லை. அந்த ஞாயிறு பின்னேரமே, நான் குளியலறைக் கதவைத் தட்டியபோது, உள்ளேயிருந்து என் தம்பி கத்தினான்: "ஆள் இருக்கு! வெறுமை எண்டு நினைச்சு அழிச்சுப்போடாதை!"

தம்பிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இன்னும் அப்படித்தான் கத்துகிறான். அவனிடமிருந்து என் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். போன மாதம் சின்னவள் தன் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையிலும் அதையே கத்தியிருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்காக, அவளுடைய ஆசிரியை என்னை வரச் சொல்லியிருக்கிறார்.