தடிக்கம்பியாருக்கு ஆசை விட்டுப்போன கதை

குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், கதவு மெல்லத் திறப்பதைக் கண்டு நிமிர்ந்தாள். கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு கணவர் நின்றிருந்தார்.

"இன்னும் எத்தனை பாத்திரம் இருக்கு?"

"குக்கர் இருக்கு. ரெண்டு டம்ளர் இருக்கு. உங்க மானம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. எல்லாத்தையும் கழுவிட்டு வரேன்."

"அவசரமில்லம்மா. நிதானமா வா" என்று சொல்லிவிட்டு அவர் பிரஷ்ஷோடு பால்கனிக்கு நடந்தார்.

அந்த நிதானம்தான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

கணவர் வாரநாட்களில் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. விடுமுறை நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவர். அந்த வாத்தியத்துக்கு நான்கே கம்பிகள். ஒவ்வொன்றும் துணி காயப்போடும் கொடிக்கயிறு கனம். குழுவில் அவருக்குத் தடிக்கம்பி என்று பெயர் வைத்திருந்தார்கள். வயதானதும் மரியாதை கருதித் தடிக்கம்பியார் ஆக்கினார்கள்.

பேஸ் கிடாரை வாசிக்கும்போது ஒருவரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒன்றை வருஷக்கணக்காக வாசிக்கிறவருக்குத் தன்னிடமும் ஏதோ குறைகிறது என்ற எண்ணம் ஓயாமல் இருந்தது. அந்தக் குறையை நிரப்ப ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள இசைக்கருவிக் கடைக்குப் போவார். காலால் மிதிக்கும் பெடல் ஒன்று வாங்கி வருவார்; அது ஒலியைத் தடிக்க வைக்கும். அடுத்து இன்னொன்று வாங்குவார். அது மெலிய வைக்கும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் பழையபடியே கேட்கும்.

இதில் மனைவிக்கு ஒரு லாபம் இருந்தது. வாங்கிய ஒவ்வொன்றுக்கும் தடிக்கம்பியாரின் மனசாட்சி அபராதம் கட்டியது. முதல் பெடலுக்கு ஒழுகும் குழாய் சரியானது. ஆம்ப்ளிஃபயர் வந்தபோது, வருஷக்கணக்காக மூட மறுத்த அலமாரிக் கதவுகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தன. வீட்டில் எது நேராக நின்றாலும் அதன் பின்னால் அவர் வாங்கிய ஏதோ ஒன்று இருந்தது. கடைசியாகக் குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர் வந்தது. குற்ற உணர்ச்சியும் அதே அளவில் வந்தது. சமையலறையில் துருப்பிடித்திருந்த பாத்திரத் தொட்டியை அவரே பெயர்த்து எறிந்தார். புதுத் தொட்டி வந்து இறங்கியது. அதைப் பொருத்துவதற்குள் அவருக்கு ஆசை விட்டுப்போய்விட்டது.

"இனிமே எதையும் வாங்கணும்னு தோணலைம்மா" என்றார் ஒரு மாலை, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"எதையுமேவா?"

"பெடலு, ஆம்ப்ளிஃபயரு, அஞ்சு கம்பி கிடாரு, எதுவும். கடைக்குள்ள நின்னு சுத்திப் பார்க்கறேன், எல்லாம் சுவரு மாதிரி தெரியுது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் தெளிந்தது.

"ஏங்க, தொட்டியை எப்ப மாட்டப் போறீங்க?"

"அது ஸ்பீக்கர் வாங்கினதுக்காக ஒத்துக்கிட்டது. இப்பதான் நான் எதுவும் வாங்கறதில்லையே" என்றார் அவர், கணக்கில் தவறு கண்டுபிடித்த குமாஸ்தாவைப் போல.

மாதக் கடைசியில் அவளுடைய அக்கா குடும்பத்தோடு வந்து தங்குவதாக இருந்தது. தங்கை வீட்டில் ஒரு ஸ்பூன் வளைந்திருந்தாலும் உறவு முழுவதற்கும் செய்தி அனுப்பாமல் தூங்காத அக்கா. குளியலறையில் பாத்திரம் கழுவும் குடும்பம் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் ஏழு தலைமுறைக்கும் போகாது. அக்கா வருவதற்குள் தொட்டி ஏற வேண்டும்.

பிளம்பரைக் கூப்பிட்டாள். வந்தவர் சமையலறைச் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்து, "அரை மணி நேர வேலைதான்க்கா" என்றார். அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தபோது ஆளைக் காணோம். முன்னறையில் பேஸ் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தடிக்கம்பியார் எதிரே கைகட்டி நின்றிருந்தார்.

"சும்மா தட்டிப் பாருங்க. தட்டிப் பார்க்கக் காசா பணமா?"

பிளம்பர் தட்டினார். ஜன்னல் கண்ணாடி முனகியது.

"வயித்துக்குள்ள கேக்குதுங்க" என்றார் பிளம்பர், ரகசியக் குரலில்.

அவர் மறுநாள் வரவில்லை. போன் செய்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நேத்து சாயங்காலமே ஒண்ணு வாங்கிட்டேன். விரலெல்லாம் கொப்புளம். ஸ்பேனரைப் பிடிச்சா உயிர் போகுது."

"எப்ப ஆறும்?"

"ஆறக் கூடாதாம்க்கா. காய்க்கணுமாம். சார்தான் சொன்னாரு."

இனி வெளியாளை நம்பிப் பயனில்லை. கணவரையே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தாள். குழுவின் டிரம்மர் அவருக்கு நெடுநாள் நண்பர். அவரிடம் போய் நின்றாள்.

"அவன் திருந்திட்டான்னா சந்தோஷப்படணும் தங்கச்சி."

"அவர் திருந்தினது போதும்ணே. கொஞ்சம் கெடுத்து விடுங்க."

டிரம்மர் சிரித்துக்கொண்டே வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் நெடுநேரம் பேசினார்கள். திரும்பும்போது டிரம்மர் சிரிக்கவில்லை. எதையோ யோசித்தபடி படியிறங்கினார். அந்த வாரமே அவரும் ஒரு பேஸ் கிடார் வாங்கிவிட்டார்.

"உட்கார்ந்து அடிச்சு அடிச்சு முதுகு போச்சு தங்கச்சி. இதை நின்னுக்கிட்டே வாசிக்கலாம் பாரு."

குழுவில் இப்போது இரண்டு பேஸ் இருந்தன, டிரம்ஸ் இல்லை. ஒரு வரவேற்பு விழாவில் வாசித்தார்கள். நிகழ்ச்சி எப்போது தொடங்கும் என்று வந்தவர்கள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் குடியிருந்த ஹவுஸ் ஓனரிடம் முறையிட்டாள். வீடு அவருடையது, ஓட்டையும் அவருடையதுதானே. பென்ஷன் வாங்கும் மனிதர், அநாவசியமாக மின்விளக்குகூடப் போடாதவர். "வந்து பார்க்கறேம்மா" என்று மேலே வந்தார். சமையலறைக்குப் போகும் வழியில் முன்னறை இருந்தது. அதுதான் வினை.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்று, பெரிய அட்டைப்பெட்டிகளை இறக்கியது. அன்று மாலை முதல் கட்டடம் அதிரத் தொடங்கியது. அவள் குளியலறையில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் தாமாகவே நகர்ந்து வடிகால் ஓட்டையை நோக்கி வரிசையாகப் போயின.

"சார், அந்தத் தொட்டி விஷயம்..."

"இப்ப கொஞ்சம் கை நெருக்கடிம்மா. ஆம்ப்ளிஃபயர் வேற வாங்க வேண்டியதாப் போச்சு. சத்தம் ஏதும் தொந்தரவா இருந்தா சொல்லு, கூட்டி வைக்கறேன்."

அவளுக்கு ஒன்று புரிந்தது. பேய் அவள் கணவரைவிட்டு இறங்கிவிட்டது. ஆனால் ஊரைவிட்டுப் போகவில்லை. கிடைத்தவர் தோளிலெல்லாம் ஏறிக்கொண்டிருக்கிறது. அவரோ எதிலும் ஒட்டாமல் தாமரை இலைத் தண்ணீராக இருந்தார். முன்பெல்லாம் திங்கட்கிழமை காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்புகிறவர், இப்போது விசிலடித்துக்கொண்டு போனார். ஆசையைத் துறந்தால் ஆபீஸ்கூட இனிக்கும் போலிருக்கிறது என்று பெருமூச்சு விட்டாள்.

பிறகு அவளே கடைக்குப் போனாள். அவள் வேலை பார்த்த பல் மருத்துவமனையில் மதிய இடைவேளை உண்டு. கடையின் உள்ளறையில் யாரோ கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். "பேஸுக்கு நல்ல பெடலா ஒண்ணு காட்டுங்க" என்று அவள் சொன்னதும் அந்த ஒலி சட்டென நின்றது. வாடிக்கையாளர் பேசும்போது என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். பச்சை விளக்கு எரிகிற ஒரு பெடலை வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில், அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தடிக்கம்பியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல சாமான்" என்றார். "ஆனா அடாப்டர் தனியா வாங்கணுமே."

"வாங்கினா வாசிப்பீங்களா?"

"அடாப்டர் இல்லாம எப்படிச் சொல்றது?"

அடாப்டர் வாங்கினாள். நல்ல கேபிள் இல்லாவிட்டால் இரைச்சல் வரும் என்றார். கேபிள் வாங்கினாள். இவ்வளவும் தூசி படாமல் வைக்க ஒரு பெட்டி இருக்கிறது என்றார். பெட்டியும் வந்தது. எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்தார், பாராட்டினார், எதையும் தொடவில்லை. அவள் சேமிப்பு கரைந்ததுதான் மிச்சம். இப்படி வீண்செலவு செய்கிறோமே என்ற உறுத்தல் அவளை உள்ளே அரிக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்விழித்தபோது கை துறுதுறுவென்றது. பிளம்பர் விட்டுப்போன ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். யார் சொல்லியும் போகவில்லை. அவள் மனசாட்சி அபராதம் கேட்டது.

அபராதம் சுவரிலிருந்து பீறிட்டு வந்தது. குழாய் அவள் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் சமையலறையைத் தாண்டி முன்னறைக்குப் பாய்ந்தது. தடிக்கம்பியார் நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தித்தாளைக் காப்பாற்றினார்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? நீ என்ன வாங்கின?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு புன்னகை இருந்ததாக அவளுக்குத் தோன்றியது.

மொட்டைமாடியில் இருந்த பிரதான குழாயை மூடிய பிறகுதான் வெள்ளம் நின்றது. அதோடு குளியலறையிலும் தண்ணீர் நின்றது. இப்போது பாத்திரம் கழுவக் குளியலறையும் இல்லை. ஈரப் புடவையோடு நின்றிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"நாளன்னிக்கு வரோம். சமையலறையெல்லாம் பளிச்சுனு வச்சிருப்பியே?"

"பளபளன்னு இருக்குக்கா" என்றாள். தரை முழுக்கத் தண்ணீர் நின்றதால் அது உண்மைதான்.

மறுநாள் மதியம், இருந்த சேமிப்பையெல்லாம் கைப்பையில் திணித்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் கையால் இழைத்த ஐந்து கம்பி பேஸ் ஒன்று நின்றது. அவர் பத்து வருஷமாகத் தூக்கத்தில் புலம்பிய சாமான். அதை அவர் தம் கையால் வாங்கிவிட்டால் போதும். அந்தக் குற்ற உணர்ச்சியில் தொட்டி மட்டுமில்லை, சமையலறையையே புதிதாகக் கட்டிவிடுவார்.

கடையில் கூட்டமில்லை. உள்ளறையும் பூட்டியிருந்தது. கல்லாவில் இருந்த பெண் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. பெட்டிக்குப் பூட்டு வேணுமா?"

"பூட்டு வேணாம்மா. ஒரு உதவி வேணும்." அவள் பேழையைக் காட்டினாள். "என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, இதைப் பாதி விலைக்குத் தரோம்னு சொல்லுங்க. மீதிப் பாதியை நான் இப்பவே கட்டிடறேன். அவருக்குத் தெரியக் கூடாது."

"அவருக்கு இதுல ஆசைங்களா?"

"இருந்துச்சும்மா. விட்டுப்போச்சு. மறுபடி வந்தாத்தான் என் வீட்டுல தண்ணி வரும். நீங்க பேசினா மயங்கிடுவாரு. தினம் எத்தனை பேரை மயக்கறீங்க."

கல்லாப்பெண்ணுக்குத் தண்ணீரின் சம்பந்தம் விளங்கவில்லை என்றாலும், பாதிப் பணம் கையில் வருவது விளங்கியது. பேனாவை எடுத்தாள்.

"சரிக்கா, பேசறேன். பேரு சொல்லுங்க."

"தடிக்கம்பியார்னு சொன்னா உங்களுக்கே தெரியும். முன்னாடியெல்லாம் இங்கயே குடியிருப்பாரு."

கல்லாப்பெண் பேனாவைக் கீழே வைத்தாள். சட்டென்று எழுந்து நின்று, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அவருக்கு நான் எதைக்கா விக்கறது? ஆபீஸ் வேலையை விட்டப்ப வந்த பணத்துல இந்தக் கடையையே அவர்தானே வாங்கினாரு."